வைரலான கூடையும் விற்ற பெட்டியும்: ஒரு பனையோலைக் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரி என்று சொல்லும் செம்மணல் மேட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்தில் 14 பெண்கள் சேர்ந்து பனையோலைப் பெட்டி முடைந்து விற்கிறார்கள். 2022 முதல் 2025 வரை அவர்கள் தங்கள் பொருளை ஃபோன் வழியாக விளம்பரப்படுத்தி விற்ற கதை இது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குக் கணக்கு எழுதவும் பார்சல் போடவும் கூட இருந்ததால் எனக்கு இதெல்லாம் நேரடியாகத் தெரியும். இதே பாதையில் இறங்கும் மற்ற கைவினைக் குழுக்கள் ஒரு தடவை படித்துவிட்டு இறங்கினால் நல்லது என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் ஓலை முடைவது புதிதாக யாரும் கற்றுக்கொடுத்த தொழில் இல்லை. கருப்பட்டி போட்டு வைக்கக் கொட்டான், அரிசி புடைக்கச் சுளகு, மீன் வாங்கப் பறி, கல்யாண வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகப் பெட்டி என்று எல்லா வீட்டிலும் முடைந்தார்கள். பிளாஸ்டிக் வந்ததும் அது சுருங்கியது. பிறகு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, சென்னைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு மொத்த வியாபாரி இந்த ஊருக்கு வந்தார். நாலு அங்குல மூடிப் பெட்டிக்கு 18 ரூபாய். ஓலை, சாயம் எல்லாம் பெண்கள் பொறுப்பு. அவர் எவ்வளவுக்கு விற்றார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

2020இல் கொரோனா முடக்கம் வந்தது. கல்யாணங்கள் சின்னதாயின, வியாபாரி வருவதை நிறுத்திக்கொண்டார். முடைந்து வைத்த பெட்டிகள் வீட்டுப் பரணில் ஏறின.

ஃபோனில் கடை திறந்தது

2022இல் அந்த ஊருக்கு மருமகளாக வந்த ஒரு பட்டதாரிப் பெண்தான் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கினார். மாமியாரும் குழுவில் ஒருவர். பரணில் கிடந்த பெட்டிகளைத் திண்ணையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டார். முதல் ஓராண்டு மெதுவாகத்தான் போனது. மதுரை, சென்னை, கோவையிலிருந்து பத்து, இருபது என்று கேட்டார்கள். சம்பாத்தியம் பெரிதாக இல்லை, ஆனால் கெட்ட பெயரும் இல்லை.

அந்த ஓராண்டில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, விலை போடாமல் "டிஎம் பண்ணுங்க" என்று எழுதிய பதிவுகளுக்கு விசாரணை நிறைய வந்தது, வாங்கியவர்கள் மிகக் குறைவு. விலை கேட்டு, பதில் வாங்கி, அப்படியே போய்விடுவார்கள். பதில் எழுதியே அந்தப் பெண்ணின் இரவு கழிந்தது. இன்னொன்று, அளவு. "ஃபோட்டோல பெருசா தெரிஞ்சுதே" என்று வந்த புகார்கள்தான் அதிகம். ஓலைப்பெட்டியைத் தனியாக வைத்துப் படம் எடுத்தால் அது நாலு அங்குலமா பத்து அங்குலமா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் அப்போது ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தை ஏறத்தாழ 900 பேர் பின்தொடர்ந்தார்கள்.

2023 ஆடி: ஒரு ரீல்

ஆடி மாதக் கடைசியில் ஒரு ரீல் போட்டார்கள். குழுவில் மூத்தவர், எழுபது வயதை நெருங்குபவர், துணி போட்டு வைக்கும் பெரிய மூடிக் கூடையை முடைகிறார். ஈர்க்கு கிழித்து நீக்கிய ஓலையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கால் பெருவிரலால் அடியை அமுக்கிப் பிடித்து, கை பார்க்காமலே ஓடுகிறது. பின்னணிப் பாட்டு இல்லை, ஓலை உரசும் சத்தம் மட்டும்தான். சில நாளில் அது லட்சக்கணக்கானோர் கண்ணுக்குப் போய்விட்டது. பின்தொடர்பவர்கள் 21 ஆயிரம் ஆனார்கள்.

பெரிய கூடைக்கு மட்டும் 112 ஆர்டர். கூரியரையும் சேர்த்து 1,200 ரூபாய் என்று விலை சொல்லி, முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கினார்கள். இருபது நாளில் அனுப்புவதாகச் சொன்னார்கள். மகிழ்ச்சியில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை.

கணக்கு இதுதான். பெரிய கூடைக்கு அடி கெட்டியாக நிற்க வேண்டும், இல்லையென்றால் துணியின் பாரத்தில் சாய்ந்துவிடும். அப்படி முடையத் தெரிந்தவர்கள் பதினாலு பேரில் ஐந்து பேர்தான். ஒரு கூடைக்கு ஒருவருக்கு இரண்டு நாள் ஆகும். 112 கூடையென்றால் 224 ஆள்-நாள், ஐந்து பேருக்கு 45 நாள். அதுவும் வீட்டு வேலை, காய்ச்சல், கோயில் கொடை, துக்க வீடு எதுவும் குறுக்கே வராமல் இருந்தால்.

அடுத்தது கூரியர். தனியார் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். இந்தக் கூடையின் அட்டைப்பெட்டி 40, 40, 45. பெருக்கினால் 72,000, வகுத்தால் 14.4 கிலோ. கூடையின் உண்மையான எடை ஒன்றரைக் கிலோகூட வராது. ஓலைக்கும் சாயத்துக்கும் 220, முடைகூலி 500 போக மீதம் 480 ரூபாய். பெங்களூருக்கோ மும்பைக்கோ கூரியர் கட்டணம் மட்டும் அதைத் தாண்டியது. அனுப்பிய ஒவ்வொரு கூடையிலும் குழு கையைவிட்டுப் பணம் போட்டது.

ஓலைப் பொருள் விற்கும் யாரும் படம் எடுப்பதற்கு முன்னால் அளவுநாடாவை எடுத்து இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். உள்ளே காற்று இருக்கும் பொருளுக்கெல்லாம் இது பொருந்தும்.

மழை

ஓலைக்கு ஒரு காலம் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை பதநீருக்காகப் பனையேறிகள் தினமும் மரம் ஏறுவார்கள். அந்தச் சமயத்தில் குருத்தோலை எளிதாகக் கிடைக்கும், வெயிலும் நன்றாகக் காயும். அதன் பிறகு ஓலைக்காக மட்டும் ஒருவர் மரம் ஏற வேண்டும், அதற்குக் கூலி கூடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஓலை காய்வது கடினம்.

கோடையில் காயவைத்த ஓலை புரட்டாசியிலேயே தீர்ந்துபோனது. ஆர்டர் பாக்கி இருந்ததால் ஐப்பசியில் புது ஓலை வாங்கி, மழை விட்ட நேரத்தில் மொட்டைமாடியில் காயப்போட்டு முடைந்தார்கள். மூத்தவர் அப்போதே சொன்னார்: "மழையில காஞ்ச ஓல பூத்துப் போவும்ளா. ஆளுங்ககிட்டச் சொல்லி தைக்குத் தாரோம்னு கேட்டுப் பாரு." பணம் வாங்கியாகிவிட்டது, தினமும் பத்துப் பேராவது "எப்ப வரும்" என்று கேட்கிறார்கள். மருமகளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

கூடைகள் நனையக்கூடாது என்று நெருக்கமான பாலிதீன் உறையில் கட்டி அனுப்பினார்கள். அதுவே வினையாகிவிட்டது. ஓலையில் மிச்சமிருந்த ஈரம் உறைக்குள் வேர்த்து, போய்ச் சேர்வதற்குள் அடியில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்தது. சிலவற்றில் சிவப்புச் சாயம் கசிந்து பக்கத்து வெள்ளை ஓலையில் இறங்கியிருந்தது. அனுப்பிய 58 கூடையில் 19 பேர் படத்தோடு புகார் அனுப்பினார்கள். எந்தக் கருத்துப் பெட்டியில் பாட்டியைப் பாராட்டினார்களோ அதே இடத்தில் திட்டினார்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. குழு வேலை செய்யும் கூடத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கட்டிவைத்த ஓலை, முடிந்த கூடைகள், சாயப்பொடி எதுவும் மிஞ்சவில்லை. நல்லவேளையாக யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை.

எடுத்த முடிவுகள்

2024 பொங்கல் கழிந்து குழு கூடியது. முதலில் பேசியது பாக்கிப் பணம். 54 பேருக்குக் கூடை போகவில்லை. ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு, கோடை ஓலையில் முடைந்து தருகிறோம், வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்புகிறோம் என்று சொன்னார்கள். 16 பேர் காத்திருக்கச் சம்மதித்தார்கள். மற்ற 38 பேருக்கும் மொத்தம் 45,600 ரூபாய் திருப்ப வேண்டியிருந்தது. கையில் பணமில்லை, கூலியாகவும் கூரியராகவும் போய்விட்டது. சுய உதவிக் குழுவின் சேமிப்பிலிருந்து தரும் உள்கடனில் எடுத்துத்தான் கொடுத்தார்கள். பூசணம் பூத்ததாகச் சொன்ன 19 பேரிடம், எப்படி வெயிலில் வைத்துத் துடைப்பது என்று சொல்லி, சரியாகவில்லையென்றால் மாற்றுக் கூடை தருவதாக ஒப்புக்கொண்டார்கள். வெள்ளம் புகுந்த கூடத்தின் படத்தையும் திருப்பித்தரும் விவரத்தையும் பக்கத்தில் அப்படியே போட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். அந்தப் பதிவுக்குப் பிறகு திட்டுவது நின்றது.

இரண்டாவது முடிவில் சண்டையே வந்தது. பெரிய கூடையை இனி ஃபோனில் விற்பதில்லை என்று மூத்தவர்கள் சொன்னார்கள். மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தே, இருபத்தோராயிரம் பேரு அதப் பாத்துதான் வந்தாங்க. அத நிப்பாட்டுனா பக்கமே படுத்துரும்." அதற்கு மூத்தவர், "பாக்கட்டும்மா, எத்தன பேரு வேணாலும் பாக்கட்டும். ஓல எங்க இருக்கு? கை எங்க இருக்கு?" என்றார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கடைசியில் கூரியர் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் மருமகள் சரி என்றார். பெரிய கூடை நேரில் வந்து எடுத்துப்போகிறவர்களுக்கு மட்டும் என்றானது.

அப்புறம் விலை. எதை வைத்துக் கூலி நிர்ணயிப்பது என்று நீண்ட நேரம் பேசினோம். நூறு நாள் வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியைவிடக் குறைவாக யாரும் முடையக்கூடாது என்று ஒருவர் சொன்னதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். 2023-24இல் அந்தக் கூலி தமிழ்நாட்டில் நாளுக்கு 294 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 37. நாலு அங்குல மூடிப் பெட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, ஆகவே முடைகூலி 28. ஓலை, சாயம் 8. ஓரம் தைத்து முடிக்க 5. பொதிவது, ஃபோன் செலவு, வீணாவது எல்லாம் சேர்த்து 6. பொது நிதிக்கு 3. ஆக 50 ரூபாய். வியாபாரி கொடுத்தது 18 என்பதை இதன் பக்கத்தில் எழுதியபோது கூடத்தில் யாரும் பேசவில்லை.

விளம்பரத்தை ஓலையின் காலத்தோடு கட்டினார்கள். கோடையில் ஓலையைச் சேர்த்துக் காயவைத்து எண்ணிவிட வேண்டும், அந்த ஓலைக்கு எத்தனை பெட்டி வருமோ அத்தனைக்குத்தான் அந்த ஆண்டு ஆர்டர். புரட்டாசி முடிவில் "இந்த மழைக்காலத்துக்குப் புது ஆர்டர் இல்லை" என்று பக்கத்தில் போட்டுவிடுவது. கல்யாணம் இல்லாத ஆடி, மார்கழியில்தான் வீட்டுக்காரர்கள் அடுத்த முகூர்த்தத்துக்குத் தாம்பூலப் பெட்டி தேடுவார்கள் என்பதால் பதிவுகள் அந்த மாதங்களில் அதிகம்.

பதிவில் விலையும் அங்குலக் கணக்கும் எழுதுவது, பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துப் படம் எடுப்பது, பாதிப் பணம் மட்டும் முன்பணம், ஐம்பதுக்கு மேல் போனால் லாரி பார்சல் சர்வீஸில் பண்டலாக அனுப்புவது, பாலிதீனுக்குப் பதில் செய்தித்தாளில் சுற்றி வெளியே மட்டும் நீர் புகாத உறை, சாயம் போட்ட ஓலையை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே முடைவது என்று சின்னச் சின்ன மாற்றங்கள் பல.

இவற்றில் ஒன்று எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போனது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விசிட்டிங் கார்டு அளவில் ஒரு சீட்டு. ஒரு பக்கம், ஈரம் பட்டால் நிழலில் காயவையுங்கள், மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள் என்ற குறிப்பு. மறுபக்கம் குழுவின் வாட்ஸ்அப் எண். பூசணப் புகாருக்குப் பயந்துதான் அதை வைத்தார்கள்.

அடுத்து நடந்தது

2024 தையிலும் மாசியிலும் ஆர்டர் மிகக் குறைவு, அது எதிர்பார்த்ததுதான். வைகாசியில் ஒரு திருநெல்வேலி வீட்டுக் கல்யாணத்துக்கு 400 பெட்டி கேட்டார்கள். கூரியரில் அனுப்பினால் கன அளவுக் கணக்கு அறுபது கிலோவைத் தாண்டியிருக்கும். பஸ்ஸிலும் லாரியிலும் பண்டலாகப் போனதால் செலவு அடங்கியது. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், பெட்டிக்குள் சீட்டு இருந்தது. அடுத்த மாதங்களில் அந்த ஒரு கல்யாணத்தின் விருந்தாளிகளிடமிருந்தே நாலு ஆர்டர் வந்தது. ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, இரண்டு கல்யாணம்.

ஆர்டர் நோட்டில் "எப்படித் தெரியும்?" என்று ஒரு பத்தி போட்டு ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினோம். அடுத்த ஓராண்டில் ஐம்பது பெட்டிக்கு மேல் வந்த ஆர்டர்கள் 31. அதில் 17 பேர் ஏதோ ஒரு விசேஷத்தில் பெட்டியைக் கையில் வாங்கியவர்கள். 6 பேர் திரும்ப வந்தவர்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்து வந்தவர்கள் 5. சுற்றுவட்டாரத்தில் கேள்விப்பட்டு வந்தவர்கள் 3.

இந்த எண்களைப் பார்த்து இன்ஸ்டாகிராம் வீண் என்று சொல்ல மாட்டேன். சீட்டில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் பக்கத்தைத் திறந்து படமும் விலையும் பார்த்த பிறகே முன்பணம் அனுப்பினார்கள். பக்கம் ஒரு கடை அலமாரியாக வேலை செய்தது. ஆளை அழைத்துவந்தது பெட்டி.

உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் அரைக் கிலோ கருப்பட்டிக்குக் கொட்டான் மாதாமாதம் எடுக்கத் தொடங்கினார். லாபம் குறைவு, ஆனால் மழை மாதங்களிலும் கோடை ஓலையில் கொஞ்சம் ஒதுக்கிவைத்து அதை முடையலாம் என்பதால் கூலி ஓடியது. உள்கடனை 2024 முடிவதற்குள் அடைத்துவிட்டார்கள். காத்திருந்த 16 பேருக்கும் கூடை போய்ச் சேர்ந்தது. நூறு நாள் வேலைக் கூலி 2024-25இல் 319 ஆனதும் முடைகூலி 30 ஆனது, பெட்டி 52 ரூபாய். எதிர்த்து யாரும் கேட்கவில்லை.

ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்தார்கள். அரசு நடத்தும் கைவினைக் கண்காட்சிகளில் கடை போட அது வேண்டும். சிலருக்குக் கிடைத்திருக்கிறது.

எல்லாம் நல்லபடியாக இல்லை. இரண்டு பேர் குழுவைவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அங்கே மாதச் சம்பளம் நிச்சயம். குழுவின் படங்களை எடுத்துத் தங்கள் சரக்கு மாதிரி விற்கும் பக்கங்கள் சில முளைத்திருக்கின்றன. ஒரு வாடிக்கையாளர் அப்படி வேறிடத்தில் வாங்கிவிட்டு இவர்களிடம் வந்து சண்டை போட்டார். இப்போது ஒவ்வொரு படத்திலும் முடைபவரின் கை தெரியும்படி எடுக்கிறார்கள்.

இன்னும் மாற வேண்டியவை

விற்பனை முழுக்க மருமகளின் ஒரே ஃபோனில் இருக்கிறது. அவருக்குக் குழந்தை பிறந்தபோது சில வாரங்கள் பதில் போகாமல் ஆர்டர்கள் நழுவின. இன்னும் ஒருவருக்காவது கணக்கையும் வாட்ஸ்அப்பையும் பழக்க வேண்டும், அது இந்நேரம் நடந்திருக்க வேண்டியது. மூடி பொருந்தும்படி முடையத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான், மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மற்றவர்களுக்கு மழை மாதங்களில் சொல்லிக்கொடுக்கலாம், கற்கும் நாட்களுக்கும் பொது நிதியிலிருந்து கூலி கொடுத்தால்.

பெரிய கவலை ஓலைதான். மரம் ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரே மரத்தில் குருத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் மரம் நலிந்துவிடும் என்பதால் இருக்கிற மரங்களில் அதிகம் எடுக்கவும் முடியாது. ஆர்டர் கூடினால் முதலில் முட்டுவது இங்கேதான். ஓலைக்கான முன்பணத்தை இனி பங்குனியிலேயே பனையேறிகளிடம் கொடுத்துவிடுவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. ஒரு குருத்துக்கு எவ்வளவு என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை.